ஓவிய வகுப்பில் பிள்ளைகள் எதை முடிவு செய்யப் போகிறார்கள்?

2012-ல் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு என்று பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள் அல்லவா, அதில் வேலைக்கு வந்தவள் நான். வாரத்துக்கு மூன்று அரை நாள். ஆறாவது முதல் எட்டாவது வரை ஓவியம். காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் இருக்கிற ஊர்கள். நிறையப் பிள்ளைகள் வீட்டில் யாராவது ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர். மற்ற வீடுகளில் தறி, தேங்காய்க் களம், அரிசி மில், ஆடு மாடு. ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட் முழுசாகக் கிடைத்தால் அதுவே பெரிது.

கணக்கோ அறிவியலோ எடுத்துக்கொண்டு கூடவே ஓவிய வகுப்பையும் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "டீச்சர், என்ன வரையச் சொல்றது?" என்றுதான். எனக்கு வேறொரு கேள்வி உதவுகிறது. பாடத்திட்ட நோட்டில் தேதிக்குக் கீழே முதல் வரியாக இதைத்தான் எழுதுகிறேன்: இன்றைக்குப் பிள்ளை எதை முடிவு செய்யப் போகிறாள்? அந்த வரிக்குப் பதில் வரவில்லை என்றால் அந்தப் பாடத்தை வகுப்புக்குக் கொண்டு போவதில்லை.

டீச்சர் கரும்பலகையில் வரைந்து பிள்ளைகள் பார்த்து வரையும் வகுப்பில் எல்லா முடிவும் டீச்சருடையது. கோடு எங்கே தொடங்க வேண்டும், மரம் எத்தனை உயரம், வானம் என்ன நிறம், எல்லாமே பலகையில் இருக்கிறது. எங்கள் மைதானத்தில் நின்றால் சென்னிமலை கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆனாலும் இயற்கைக் காட்சி என்று சொல்லிவிட்டால் வருவது இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஆறு, ஒரு தென்னை. மலையைப் பார்க்கிற வேலையே அதில் கிடையாது.

ஆறாம் வகுப்புக்கு வரும்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் பிள்ளைகளின் வரைதலைப் பருவம் பருவமாகப் பிரித்து எழுதினார். அதன்படி 9 வயதுக்கு மேல் 12 வயதுக்குள், தான் வரைந்தது நிஜத்தைப் போல இல்லையே என்று பிள்ளை தானே பார்க்க ஆரம்பிக்கிறது. "எனக்கு வரைய வராதுங்க டீச்சர்" என்ற பேச்சு என் வகுப்புகளில் கேட்கத் தொடங்குவதும் அப்போதுதான். இந்த வயசில் 'அச்சு அசலாக இருக்கிறதா' என்பது மட்டுமே அளவுகோலாக இருந்தால், வகுப்பில் நாலு பேர் வரைவார்கள், மீதிப் பேர் பென்சில் சீவுவார்கள். அதனால் வருஷத்தின் முதல் பாடங்களாக, எதைப் போலவும் இருக்க வேண்டியதில்லாத வேலைகளைத்தான் வைக்கிறேன்.

முதல் பாடம் மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு அது அடுப்பங்கரையில் இருக்கிற டப்பா. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் கலக்கிக்கொண்டால் ஒரு வகுப்புக்குப் போதும். மஞ்சளின் நிறம் தண்ணீரில் சரியாகக் கரையாது, அடியில் தங்கிவிடும், அதனால் தொடும்போதெல்லாம் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய பனியன் துணியை நனைத்துத் தாள் முழுக்கத் தேய்த்துவிட்டு, மின்விசிறிக்குக் கீழே வைத்தால் சீக்கிரம் காய்ந்துவிடும். தாள் கொஞ்சம் தடிமனாக இருப்பது நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் அருமையாக வேலை செய்கிறது, பளபளப்பு இல்லாததாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

காய்ந்த தாளின் மேல், துணி சோப்பு கரைத்த தண்ணீரில் வேப்பங்குச்சியைத் தொட்டுக் கோடு போடச் சொல்வேன். கோடு சிவப்பாக வரும். மஞ்சள் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மறுபடி மஞ்சளாகும். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தி, அதில் அம்மா சோப்புப் போட்டதும் கறை சிவப்பானதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருக்கிறார்கள். "ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் போடுவாங்கள்ல, அதாங்க டீச்சர்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்கள். சுண்ணாம்பை நான் வகுப்புக்குக் கொண்டு போவதில்லை. கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். சோப்புத் தண்ணீரே போதும்.

அடுத்து ஒவ்வொரு பெஞ்சுக்கும் பாதி எலுமிச்சம்பழம். சிவப்புக் கோட்டின் மேல் எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வைத்தால் அந்த இடம் திரும்ப மஞ்சளாகிவிடும். இப்போது பிள்ளையின் கையில் நிறம் வைக்கவும் ஒரு குச்சி, எடுக்கவும் ஒரு குச்சி. எதை விட்டுவைப்பது, எதை அழிப்பது என்பதுதான் அன்றைய முடிவு. தாள் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டு, எலுமிச்சையால் மட்டுமே மீன் முள்ளை எடுத்த ஒரு பையன் இருந்தான். அதுவரை வரைய வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன். வெளிக்கோடு போட்டு உள்ளே நிறம் நிரப்புவதுதான் ஓவியம் என்ற எண்ணம் வருவதற்கு முன்பே, எடுத்தும் வரையலாம் என்று கைக்குத் தெரிந்துவிட வேண்டும். அதனால்தான் இதை முதல் பாடமாக வைத்திருக்கிறேன்.

இரண்டு பீரியட் சேர்ந்து கிடைத்தாலோ, அடுத்த வாரம் தொடர முடிந்தாலோ, இதிலேயே இன்னொன்று செய்யலாம். மஞ்சள் நிறம் வெயிலில் வெளுக்கும். மஞ்சள் பூசிய தாளின் மேல் வேப்பிலை, கிளுவை இலை, ஆவாரங்கொத்து எதையாவது வைத்து, மேலே கண்ணாடி வைத்து அழுத்தி, மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டால், இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். கோடை வெயிலில் காலையில் வைத்ததைச் சாயங்காலம் பார்க்கலாம். மஞ்சள்தூளைத் தண்ணீருக்குப் பதில் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஊறவைத்துத் தெளிவை எடுத்துப் பூசினால் நிறம் அழுத்தமாகப் பிடிக்கும். ஆனால் அதை அடுப்புப் பக்கம் கொண்டு போகாமல் ஆசிரியரே வீட்டில் பூசி, காயவைத்துக் கொண்டுவர வேண்டும். இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-ல் பூக்களின் சாற்றை வைத்து இதே முறையில் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார். புகைப்படக் கலை தொடங்கிய காலம் அது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் மாடிக்கு ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். இதில் முடிவு என்னவென்றால் இலைகளை எப்படி அடுக்குவது என்பது. ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் தனித்தனி இலை தெரியாமல் ஒரே உருவமாகிவிடும். தள்ளித் தள்ளி வைத்தால் நடுவில் இருக்கிற காலி இடமும் ஒரு உருவமாகிறது. காலி இடத்தைப் பார்க்கச் சொல்லித்தர இதைவிட எளிதான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

நிறத்துக்கு அடுத்த பாடம் துணி. பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட் எங்கள் பக்கம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, பெற்றோரிடம் கேட்டால் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்புவார்கள். மெல்லிய பனியன் துணி வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும். பிள்ளைகளுக்கே அது தெரியும். ரிப், இன்டர்லாக் என்று ஓரம் சுருளாத பின்னல் துண்டுகளாகப் பார்த்து எடுத்தால் தாளில் படுத்து நிற்கும். ஒட்டுவதற்கு மைதாவைக் காய்ச்சிய பசை. கத்தரிக்கோல் பெஞ்சுக்கு ஒன்று கூடத் தேறாது என்பதால் சதுரங்களை முந்தின நாளே வெட்டி வைத்துவிடுவேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரே சிவப்பில் ஒரே அளவாக இரண்டு சின்னச் சதுரம். ஒன்றை மஞ்சள் துணி மேலும் மற்றதைக் கருநீலத் துணி மேலும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இரண்டு சிவப்பும் வேறு வேறாகத் தெரியும். சாயம் ஒன்றுதான், பக்கத்து நிறம் அதை மாற்றிக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடித்த கதையும் சாயப்பட்டறைக் கதைதான். பாரிஸில் கோபெலின் என்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் சரியில்லை, வெளிறிப்போகிறது என்று நெசவுக்காரர்கள் புகார் சொன்னார்கள். அவர் சாயத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சாயத்தில் கோளாறு இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் வைத்த நிறங்கள்தான் அப்படிக் காட்டுகின்றன என்றார். 1839-ல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் பல நாட்டு வடிவமைப்புப் படிப்புகளில் நிறம் என்றால் இந்தச் சோதனை இருக்கும். எங்கள் எட்டாம் வகுப்பும் அதையே பனியன் துணியில் செய்கிறது.

அன்றைய வேலை: சிவப்பை மாற்றக் கூடாது, பக்கத்து நிறத்தை மட்டும் மாற்றி, ஒரு சிவப்பை எரிகிற மாதிரியும் ஒன்றை அடங்கின மாதிரியும் காட்ட வேண்டும். இதை வீட்டில் சொன்ன ஒரு பெண்ணின் அம்மா, கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர், அடுத்த வாரம் பள்ளிக்கே வந்துவிட்டார். "டியூப்லைட்டுல ரெண்டு துணியும் ஒண்ணாட்டத்தான் இருக்கும் டீச்சர், வெளிய கொண்டு போனா வேற வேறயாத் தெரியும். அதுக்குத்தான் லைட் பாக்ஸ்ல வச்சுப் பாப்பாங்க" என்றார். லைட் பாக்ஸ் என்றால் வெவ்வேறு விளக்கு வெளிச்சத்தில் துணியின் நிறத்தைப் பார்க்கிற பெட்டி. அவரையே வகுப்பில் சொல்லச் சொன்னேன். பத்து நிமிடம் பேசினார். அம்மா செய்கிற வேலையில் இவ்வளவு கண் பழக்கம் இருக்கிறது என்று பிள்ளைகள் அன்றைக்குத்தான் கேட்டார்கள். வடிவமைப்பு என்பது எங்கேயோ பெரிய ஊரில் படிப்பது என்ற நினைப்பு இந்த வட்டாரப் பிள்ளைகளுக்கு இருக்கவே கூடாது என்று எனக்குத் தீராத ஆசை. இவர்கள் வீட்டு வாசலில் நடப்பதே அதுதான்.

ஏழாம் வகுப்புக்குப் பென்சிலில் அழுத்தம், அதாவது எங்கே வெளிறல், எங்கே கருமை என்று சொல்லித்தரும்போது உருண்டை, கனசதுரம் எல்லாம் வைக்காமல் காங்கேயம் மாட்டை வைத்தேன். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். காளைக்குத் திமிலிலும் முன்பின் சப்பைகளிலும் கருமை கூடும், பசு வெளுத்தே இருக்கும். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நிறத்தை வைத்துப் பெயர் சொல்லும் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். மாட்டுக்காரர் வீட்டுப் பையனுக்குச் சாம்பலில் எத்தனை சாம்பல் உண்டு என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தாளின் ஓரத்தில் ஐந்து கட்டம் போட்டு வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து அழுத்தம் நிரப்பச் சொல்வேன். அப்புறம் மாட்டின் வெளிவடிவத்தை நானே அச்சடித்துக் கொடுத்துவிடுவேன். கால் கோணலாக வந்துவிட்டது என்று யாரும் நின்றுவிடக் கூடாது. வேலை அழுத்தத்தில்தான். ஐந்தில் மூன்றை மட்டும் பயன்படுத்த வேண்டும், எந்த மூன்று, எங்கே என்பது அவரவர் பாடு. திமிலுக்கும் கழுத்துக்கும் நடுவில் எங்கே நிறம் மாறுகிறது என்று தெரியாதவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். இப்படிப் பார்க்க வைத்துவிட்டால் அந்த வகுப்பு முடிந்த மாதிரிதான்.

வெளிவடிவத்தை ஆசிரியர் கொடுத்துவிட்டால் பிள்ளையின் கற்பனை கெடாதா என்று சிலர் கேட்பார்கள். கொடுக்கிற இடத்தைப் பொறுத்தது அது. முடிவெடுக்க வேண்டிய இடத்தைக் கொடுத்துவிட்டால் கெடும். மற்றதைக் கொடுத்துவிட்டால் அந்த ஒரு முடிவுக்கு நேரம் கிடைக்கும்.

எட்டாம் வகுப்புக்குக் குறியீடு வடிவமைப்பு. சென்னிமலைப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன, அவற்றில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஆட்பெயர்களும் கீறல் குறியீடுகளும் இருந்தன. கல்மணி செய்கிற பட்டறை இருந்த ஊர் அது. நாம் லோகோ என்று சொல்கிறோமே, அந்தத் தேவைக்கு நம் ஊரில் எவ்வளவு பழைய உதாரணம் பாருங்கள்! ஓடுகளின் படத்தைக் காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு உடைந்த மண்பானைச் சில்லும் ஒரு ஆணியும் கொடுப்பேன். ஐந்து கீறலுக்கு மேல் கூடாது. சுட்ட மண்ணில் ஆணியால் வளைவு போடுவது கஷ்டம், அதனால் வடிவம் தானாகவே நேர்கோட்டுக்கு வந்துவிடும். பொருள் சொல்கிறபடிதான் வடிவம் அமையும் என்பதை நான் வாயால் சொல்லவே வேண்டியதில்லை. முதலில் நோட்டில் பத்து விதமாக வரைந்து பார்த்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் சில்லு. அந்த ஒன்பதை ஏன் விட்டாய் என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். சில்லின் விளிம்பைச் சிமெண்ட் தரையில் தேய்த்து மழுக்கிவிட்டுக் கொடுங்கள், கையைக் கிழித்துவிடும்.

பவானி ஜமக்காளத்தை வைத்துக் காகிதப் பட்டை நெசவும் செய்யலாம். மூன்று நிறம், பட்டையின் அகலத்தையும் வரிசையையும் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகள் பாவு (நீளவாக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) என்று சொல்லி மற்றவர்களுக்கு விளக்கிவிடுவார்கள். ஆசிரியருக்கு அதிக வேலை இல்லாத பாடம், தலைவலியோடு பள்ளிக்கு வந்த நாளுக்கும் தாங்கும்.

களிமண்ணுக்குத் தை மாதம் நல்லது. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் பொங்கல் நோம்பிக்கு மாட்டு உருவாரம் வாங்கி வைப்பார்கள். பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஒரே உருண்டையிலிருந்து இழுத்துச் செய்ய வேண்டும், காலையும் கொம்பையும் தனியாக ஒட்டக் கூடாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தால் போதும். ஒட்டியது காயும்போது கழன்றுவிடும் என்பதும் ஒரு காரணம்.

கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திருப்பூர் வேலைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது எங்கள் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். தமிழ் இன்னும் சரளமாக வராததால் மற்ற வகுப்புகளில் ஒதுங்கியே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் நேர்ப்புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் புள்ளியே வைக்காமல் நெற்கதிரும் சின்னச் சின்னப் பாதங்களுமாகப் போட்டாள். அவர்கள் ஊரில் மார்கழி லட்சுமி பூஜைக்கு அரிசி மாவைக் கரைத்துப் போடுகிற ஜோட்டி அது. எங்கள் பிள்ளைகள் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரப் பாடத்தை அவளை வைத்தே திட்டமிட்டேன்: புள்ளி வைத்துப் போடும் கோலம் ஒரு பாதி, புள்ளி இல்லாமல் போடுவது மறுபாதி, இரண்டும் சந்திக்கிற இடத்தில் என்ன செய்வது என்று இருவர் இருவராகப் பேசி முடிவு செய்ய வேண்டும். ஜாடையிலேயே பேசி முடித்தார்கள். உங்கள் வகுப்பிலும் இப்படிப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் வீட்டு வாசலில் என்ன போடுவார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

நாற்பது நிமிடத்தை நான் பிரித்துக்கொள்வது இப்படி. முதல் ஐந்து நிமிடம் பார்ப்பதற்கு மட்டும், யார் கையிலும் பென்சில் இருக்காது. அடுத்த ஐந்தில் பொருளை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தொடுவது என்று காட்டுவேன். பலகையில் ஒரு மூலையில் காட்டிவிட்டு உடனே அழித்துவிடுவேன். விட்டுவைத்தால் அதைத்தான் வரைவார்கள். இருபது நிமிடம் அவர்களுடையது. கடைசிப் பத்து நிமிடத்தில் பாதி, எல்லாத் தாளையும் தரையில் வரிசையாக வைத்துச் சுற்றி நின்று பார்க்க. மீதி, சுத்தம் செய்ய. வண்ணத்துக்குத் தேங்காய்த் தொட்டிதான் கிண்ணம், தண்ணீர் தெளித்து அடுக்கிவிட்டால் முடிந்தது. நேரம் போதவில்லை என்றால் செய்கிற நேரத்தில்தான் ஐந்து நிமிடத்தைக் குறைப்பேன், பார்க்கிற நேரத்தைத் தொட மாட்டேன்.

பார்க்கும்போது "சூப்பர்", "அழகு" என்று பொதுவாகச் சொல்வதை விட்டுவிடலாம். பிள்ளை எடுத்த முடிவைச் சொல்லிக் கேட்டால் பேச்சு வளர்கிறது. "வயித்துப் பக்கம் வெள்ளையா விட்டுட்டயே சாமி, ஏன்?" என்றால் பதில் கட்டாயம் வரும். மதிப்பெண்ணும் அதற்குத்தான். கொடுத்த கட்டுப்பாட்டுக்குள் ஒரு முடிவு எடுத்தானா, ஏன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா, இரண்டையும் பார்த்துப் போட்டுவிடுகிறேன்.

2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, எங்கள் பிள்ளைகளும் வட்டாரம், மாவட்டம் என்று போகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் போட்டிக்குப் போகிற இரண்டு மூன்று பேரைத் தயார் செய்ய மொத்த வகுப்பின் பீரியடையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்களுக்குச் சாயங்காலம் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தலைமை ஆசிரியரிடம் ஜூன் மாதமே பேசி, வகுப்பு பீரியடை வகுப்புக்கே என்று கால அட்டவணையில் எழுதி வாங்கிக்கொண்டால், அக்டோபரில் யாரிடமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது. அதே பேச்சில் கெட்டித் தாள் இரண்டு கட்டும் நூல் கட்டித் தாளைத் தொங்கவிட வராந்தாவில் நாலு ஆணியும் கேட்டுவிடுங்கள். வேறு பெரிய செலவு இந்தப் பாடங்களுக்கு இல்லை.